பூனைக்குக் கதவைத் திறப்பதா, சாத்துவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடமாகப் பூனைகளோடு குடித்தனம். முதல் பத்து வருடம் நங்கநல்லூரில் தரைத்தள வாடகை வீடு. கொல்லையில் கிணறு, ஒரு முருங்கை மரம், பூனை போக வர எப்போதும் திறந்தே கிடக்கும் சமையலறை ஜன்னல். அப்புறம் மேடவாக்கம் பக்கம் மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம். ஆக, இரண்டு விதமாகவும் வளர்த்துப் பார்த்தாயிற்று. நான் கால்நடை மருத்துவர் இல்லை. தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வாய் வலி மிச்சம் என்றுதான் இது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உள்ளேயா வெளியேயா?

வண்டி ஓடும் தெரு, நாய்க் கூட்டம், அடுக்குமாடி என்றால் உள்ளே. வயலும் தோப்பும் சூழ்ந்த ஓட்டு வீடு என்றால் பூனையை அடைப்பது நடக்கிற காரியம் இல்லை. அங்கே கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துவிட்டு, இரவில் மட்டும் உள்ளே படுக்க வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் கம்பி அடித்த திண்ணை, வலை போட்ட பால்கனி என்று ஒரு வழி இருக்கிறது. என் ஓட்டு அதற்கு.

ஆனால் கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வேட்டையாட, ஏறி உட்கார, மோந்து பார்க்க, மண்ணைத் தோண்டிப் போக என்று தெரு இதுவரை சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை எல்லாம் இனி நீங்கள் கொடுக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர்கள் பூனை வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். தப்பில்லை.

அடைத்து வைப்பது பாவம் இல்லையா?

என் அம்மா இன்றைக்கும் இதைத்தான் சொல்வார். "வாயில்லா ஜீவனைச் சிறை வெச்சிருக்கே."

நங்கநல்லூர் வீட்டில் பத்து வருடத்தில், இன்றைக்கும் எங்களோடு இருக்கும் சுப்புவைத் தவிர, ஏழு பூனைகள் இருந்தன. இரண்டை நாய்கள் குதறின. ஒன்று காரில் அடிபட்டது. ஒன்று எங்கேயோ எலி மருந்து தின்ற எலியைத் தின்றுவிட்டு வந்து, மூக்கில் ரத்தம் வழிய வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு ஒருநாள் போனவை, திரும்பவே இல்லை. கருப்பி ஒருத்திதான் வயதாகிச் செத்தாள். அவளும் கடைசி நான்கு வருடம் தானாகவே வாசலைத் தாண்டவில்லை.

கருப்பியைக் கவனித்ததில் ஒன்று தெரிந்தது. வெளியே போகிறாள், போகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் போனது மதில் வரைக்கும்தான். அங்கே முன்னங்காலை மடக்கி உட்கார்ந்து, எதிர் வீட்டு அணிலையும் பால்காரரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளில் பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம் தூங்குகிற பிராணி அது. அதற்குத் தேவை உயரமான ஓர் இடம், பார்க்க ஏதாவது அசைவு, தனக்கென்று வாசனை பூசிய நாலு மூலை, அப்புறம் விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் பாய்ந்து பிடிக்க ஒரு பொருள். இவ்வளவும் வீட்டுக்குள் இருந்தால் சிறை இல்லை. இது எதுவும் இல்லாமல் ஒரு படுக்கையறையில் பூட்டி வைத்தால் அம்மா சொல்வது சரி.

வெளியே திரிகிற பூனை 2 முதல் 5 வருடம்தான் வாழும், உள்ளே இருந்தால் 15 வருடம் என்கிறார்களே?

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கணக்கு இது. தெருவிலேயே பிறந்து, யாரும் பார்த்துக்கொள்ளாத பூனைகளையும் சோறு, ஊசி, வைத்தியம் எல்லாம் கிடைத்துக் கொஞ்ச நேரம் வெளியே போய் வருகிற வீட்டுப் பூனைகளையும் ஒரே மூட்டையில் கட்டிச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான வீட்டுப் பூனைகள் வெளியே போய் வருபவை. அங்கே கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில் பூனைகளின் இடைநிலை ஆயுள் 14 வருடம் என்று வந்தது.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. ஐந்து வயதுக்குள் செத்த பூனைகளில் கிட்டத்தட்ட பாதி, 47 சதவீதம், அடிபட்டுச் செத்தவை. அத்தனைக்கும் அங்கே ரேபிஸ் இல்லை, தெருவில் நாய்க் கூட்டம் இல்லை. நம் தெருவில் இரண்டும் இருக்கின்றன. எனவே வருடக் கணக்கை நம்பாதீர்கள். உங்கள் வாசலில் ராத்திரி பத்து மணிக்குப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எத்தனை நாய், எத்தனை வண்டி என்று எண்ணினாலே விடை வந்துவிடும்.

நாயும் வண்டியும் தவிர வேறென்ன ஆபத்து?

கடுவன் பூனைகளின் சண்டை. பூனைப்பல் ஊசி மாதிரி. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் கட்டி மூன்றாம் நாள் கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கும். பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. கிருமி பரவுவதும் பெரும்பாலும் இந்தக் கடியில்தான். இது மனிதர்களுக்கு ஒட்டாது, பயம் வேண்டாம்.

எலிக்கு வைக்கும் பசை அட்டை இன்னொன்று. குட்டி ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள், தோலோடு வரும். சமையல் எண்ணெயைத் தடவித் தடவிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். புறநகரில் காலி மனைகள் பக்கம் பாம்பும் உண்டு. பூனை பாம்பைக் கண்டால் விலகாது, போய் வம்பிழுக்கும். அரை உயிர்ப் பாம்பை வரவேற்பறைக்குத் தூக்கி வந்த பூனைகளும் இருக்கின்றன. மழைக்காலத்தில் கார் பானெட்டுக்குள் சூட்டுக்காக ஏறிப் படுக்கும். வண்டி எடுக்கும் முன் இரண்டு தட்டு தட்டுங்கள்.

வெளியே போகாத பூனைக்குத் தடுப்பூசி எதற்கு?

பான்லூக்கோபீனியா என்று ஒன்று இருக்கிறது. நாய்களுக்கு வரும் பார்வோவின் உறவுக்காரக் கிருமி. குட்டிகளை மூன்று நாளில் கொண்டுபோய்விடும். அது வெளிச்சூழலில் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூடச் சாகாமல் கிடக்கும். பூனை வெளியே போக வேண்டாம், உங்கள் செருப்பு போய்விட்டு வந்தால் போதும். செருப்பை வாசலுக்கு வெளியே விடும் நம் பழக்கம் இதில் உதவுகிறது, ஆனால் ஊசிக்கு ஈடாகாது.

பொதுவாக எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்று மாதம் ஆனதும், அப்புறம் வருடா வருடம். சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் வாங்கவும் ரேபிஸ் ஊசிச் சான்று தேவைப்படும். அதனால் அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நான் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.

கருத்தடை அவசியமா? ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே.

அவசியம். "ஒரு தடவையாவது" என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. பெட்டை நான்கு ஐந்து மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். இரண்டு மாதத்தில் ஈனும். நம் ஊர் வெயிலும் நீண்ட பகலும் அதற்குத் தோது, வருடத்தில் ஓய்வே இல்லாமல் சுற்று வரும். பால் குடி மறக்கும் முன்பே அடுத்த சினை பிடித்த பூனையைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பருவத்துக்கு வந்த பெட்டை ராத்திரி முழுக்கக் குழந்தை அழுவது மாதிரி கத்தும், தரையில் புரளும், கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டே கிடக்கும். கடுவன் சோபாவில், துணி மடிப்பில், பூஜை அறைக் கதவில் மூத்திரம் பீச்சும். அந்த வாடை போகாது. இந்த நிலையில் இருக்கும் பூனையை உள்ளே வைப்பதுதான் நிஜமான சிறை. அறுவைக்குப் பிறகு வெளியே ஓடும் வேகமே முக்கால்வாசி அடங்கிவிடும்.

பால்கனி இருந்தால் போதுமா? பூனை விழுந்தாலும் நாலு காலில்தானே நிற்கும்?

நாலு காலில் நிற்கும், ஆனால் தாடை உடையும், நெஞ்சுக்குள் காற்று கசியும், கால் எலும்பு முறியும். 1987-ல் நியூயார்க்கில் ஒரு விலங்கு மருத்துவமனை, மாடியிலிருந்து விழுந்து கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி எழுதியது. பத்தில் ஒன்பது பிழைத்தன. இதைச் சொல்லித்தான் பலரும் வலை போடாமல் தள்ளிப்போடுகிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்ததை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்? அந்தக் கணக்கில் அவை வரவில்லை.

வலை போடுங்கள். புறாவுக்குப் போடும் நைலான் வலை சாதுவான பூனைக்குப் போதும். கடிக்கிற பூனை என்றால் ஒரு மாதத்தில் தலை நுழையும் ஓட்டை போட்டுவிடும், அதற்கு வெல்டு மெஷ்தான். இப்போது பல ஃப்ளாட்களில் போடும் இன்விசிபிள் கிரில்லில் கம்பிக்குக் கம்பி இரண்டு அங்குலம் விடுகிறார்கள். பெரிய பூனைக்குச் சரி, மூன்று மாதக் குட்டி அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும். கொசுவலை ஜன்னலை நம்பவே நம்பாதீர்கள். எங்கள் சுப்பு ஒரு புறாவைப் பார்த்துப் பாய்ந்ததில் வெல்க்ரோ கொசுவலை சர்ரென்று முழுசாகப் பிரிந்து வந்தது. வெளியே சன்ஷேட் இருந்ததால் பிழைத்தான். அன்று இரவே வலை ஆள் வந்தார்.

வீட்டுக்குள் இருந்தால் முழுப் பாதுகாப்புதானே?

இல்லை. நம் வீடுகளில் பூனைக்கு எமன் நிறைய.

முதலில் நூல். பூக்காரம்மா மல்லிகையைக் கட்டித் தருகிற நூலைச் சொல்கிறேன். வாடிய சரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம். பூனையின் நாக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் நூல் வாய்க்குள் போனால் துப்ப வராது, உள்ளேதான் இழுபடும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலில் ஓடினால் குடல் கொசுவிக்கொண்டு அறுபடும். எங்கள் வீட்டில் செல்லிக்கு இது நடந்தது. இரண்டு நாள் வாந்தி. வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். வயிற்றைக் கிழித்து நாற்பது சென்டிமீட்டர் நூலை எடுத்தார்கள். ஆசனவாயில் நூல் தொங்கினாலும் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் போங்கள். வாழைநாரில் கட்டிய பூவும் அதே கதைதான். இப்போது எங்கள் வீட்டில் பூவுக்கு மூடி போட்ட டப்பா.

அடுத்து மாத்திரை. குழந்தைக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் ஒன்றே ஒன்று பூனையைக் கொல்லும். கால் மாத்திரை, அரை மாத்திரை என்ற பேச்சே இல்லை. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அதுவும் பூனைக்கு விஷம். பினாயில் போட்டுத் தரை துடைத்தால் ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அதனால் காயும் வரை பூனையை வேறு அறையில் விடுங்கள், முடிந்தால் பினாயிலையே விட்டுவிடுங்கள். துணி அலமாரியின் அந்துருண்டையும் அப்படித்தான். பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தம் உடம்பில் ஒட்டி அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். தொட்டியில் அரளியும் செங்காந்தளும் வேண்டாம்.

அப்புறம் முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின். ஓட விடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

உள்ளேயே இருந்தால் குண்டாகி நோய் வராதா?

வரும். உள்ளே வளர்ப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு நியாயமாகப் படுவது இது ஒன்றுதான். ஓட்டம் இல்லாமல், கிண்ணம் நிறையக் காய்ந்த தீனி எப்போதும் இருந்தால் சதை போடும், அதோடு சர்க்கரையும் வரும்.

அதைவிட அவசரமானது கடுவனுக்கு வரும் சிறுநீர் அடைப்பு. உள்ளேயே இருந்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, காய்ந்த தீனி மட்டும் தின்னும் கடுவனுக்கு அதிகம் வரும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக மணல் போட்டு வைத்த ட்ரேயில் போய்ப் போய் உட்காரும், முக்கும், கத்தும், ஒரு சொட்டும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். இப்படி ஒன்றைப் பார்த்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியே கிளம்புங்கள்.

தடுக்க வழி தண்ணீர். வீட்டில் மூன்று நான்கு இடத்தில் அகலமான கிண்ணம் வையுங்கள், தீனிக் கிண்ணத்துக்கு ஒட்டினாற்போல வேண்டாம். ஒரு வேளையாவது ஈரமான சாப்பாடு. வேகவைத்த கோழி, முள் எடுத்த மத்தி, அவித்த தண்ணீரோடு. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல். தயிர் சாதத்தில் வளர்ந்த பூனை என்று பெருமை பேசுபவர்கள் உண்டு. அந்தப் பூனை வெளியே போய்ப் பல்லியும் சுண்டெலியும் பிடித்துத் தின்று சமாளித்தது. உள்ளே அடைத்துவிட்டுத் தயிர் சாதம் மட்டும் போட்டால் டாரின் என்ற சத்து கிடைக்காமல் கண்ணும் இதயமும் கெடும்.

காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் விளையாடுங்கள். கடைப் பொம்மை வேண்டாம். தென்னை ஈர்க்குச்சி நுனியில் ஒரு துணிக் கிழிசல் போதும். அதை எலி மாதிரி சோபாவுக்குப் பின்னால் மறையும்படி இழுங்கள், முகத்துக்கு நேராக ஆட்டாதீர்கள். எந்த எலியும் பூனையின் முகத்துக்கு எதிரே வந்து ஆடாது. கடைசியில் பிடிக்க விடுங்கள், பிடித்ததும் சோறு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம். அந்த வரிசை முடிந்தால்தான் அதற்கு நிம்மதி.

ட்ரேயில் போகாமல் மெத்தையில் போகிறது, என்ன செய்ய?

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், வலி இருந்தாலும் இப்படிச் செய்யும். உடம்பு சரி என்றால் ட்ரே சரியில்லை. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை ட்ரே வேண்டும். ஒரே மூலையில் அடுக்காதீர்கள், பூனை கணக்கில் அது ஒரே ட்ரேதான். கடைகளில் விற்பது பெரும்பாலும் சின்னது. நாங்கள் வைத்திருப்பது சிமென்ட் கலக்கும் பிளாஸ்டிக் பாண்டு, அதில் சலித்த மணல். தினம் இரண்டு முறை அள்ள வேண்டும். வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும், அதற்குப் பிடிக்காது.

நான்கு வருடம் வெளியே திரிந்த பூனையை உள்ளே பழக்க முடியுமா?

முடியும், ஆறு முதல் எட்டு வாரம் கையில் இருந்தால். கருத்தடையை முதலில் முடியுங்கள். சித்திரை வெயிலில் ஆரம்பிக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் ஆரம்பியுங்கள், அப்போது அதற்கே வெளியே போக மனசு இருக்காது. ஃப்ளாட்டுக்கு வந்தபோது சுப்புவை அப்படித்தான் மாற்றினேன். ஒன்பது ராத்திரி வாசற்கதவில் உட்கார்ந்து கத்தினான். விடிகாலை நான்கு மணிக்கு, சரியாக. ஐந்தாம் நாள் என் கணவர் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து வராண்டாவில் விட்டார். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

கத்தும்போது எழுந்து போகாதீர்கள், திட்டாதீர்கள், சோறும் வைக்காதீர்கள். கத்தி நிறுத்திக் கால் மணி நேரம் ஆனபின் எழுந்து சோறு வையுங்கள். இரவு படுக்கும் முன் நன்றாக ஓடவிட்டு வயிறு நிறையக் கொடுங்கள். அது வெளியே உட்காரும் இடம் மதில் என்றால் உள்ளே அதே உயரத்தில் ஒரு பலகை அடியுங்கள். சுப்புவுக்கு ஃபிரிட்ஜ் மேல் ஒரு பழைய சாக்கு. பத்தாம் நாள் அதில் ஏறிப் படுத்தவன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான்.

சில பூனைகள் மாறவே மாறாது. தெருவில் வளர்ந்து மனிதர் கை படாத பெரிய பூனையைப் பிடித்து வந்து பூட்டுவது கொடுமைதான். அதைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுச் சோறு போடுங்கள்.

பறவைகளைக் கொல்கிறது என்கிறார்களே, ஒரு பூனையால் என்ன ஆகிவிடும்?

நங்கநல்லூர் வீட்டில் முருங்கையில் தேன்சிட்டு கூடு கட்டும். ஒரு வருடம்கூடக் குஞ்சு பறந்து நான் பார்த்ததில்லை. அது எங்கள் பூனைகளின் வேலை, மழுப்ப விரும்பவில்லை.

அமெரிக்காவில் 2013-ல் வந்த ஆய்வு, அங்கே பூனைகள் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகள் வரை கொல்வதாகக் கணித்தது. அதில் பெரும்பங்கு சொந்தக்காரர் இல்லாத பூனைகளுடையது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் 2022 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த பூனைகளை வளாகத்துக்குள்தான் வைக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. ஜெர்மனியில் வால்டார்ஃப் என்ற சிறு நகரத்தில் 2022-ல், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகளுக்காக ஆகஸ்ட் கடைசி வரை பூனைகளை வெளியே விடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மீறினால் 500 யூரோ அபராதம். இங்கிலாந்துக்காரர்களோ இன்னமும் கதவில் பூனைக்கென்று குட்டிக் கதவு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நியாயம்.

பூனைக்கு மணி கட்டலாமா என்றால், கட்டலாம், பலனை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சில ஆய்வுகளில் வேட்டை பாதியாகக் குறைந்தது, 2021-ல் வந்த ஓர் ஆங்கிலேய ஆய்வில் மணியால் ஒன்றும் நடக்கவில்லை. அதே ஆய்வில், இறைச்சி அதிகமுள்ள தீனி கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குத் தூக்கி வரும் இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாடியதில் 25 சதவீதம். வெளியே விடுகிறவர்களும் இந்த இரண்டையும் செய்யலாமே. கூடவே விடியும்போதும் அந்தியிலும் உள்ளே வையுங்கள், குஞ்சுகள் தரையில் தத்தும் நேரம் அது.

எலித் தொல்லைக்காகத்தான் வளர்க்கிறோம். உள்ளே வைத்தால் எப்படி?

உள்ளே வருகிற சுண்டெலியைப் பிடிக்கும். பூனை வாடை இருந்தாலே பல எலிகள் உள்ளே வரத் தயங்கும். ஆனால் பெருச்சாளியோடு மோத எந்தப் பூனைக்கும் ஆசை கிடையாது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குப்பைக் கிடங்கில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்ததில் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. குப்பையை மூடி வையுங்கள், சாக்கடை ஜாலியைச் சரி செய்யுங்கள். எலி மருந்து வைத்துவிட்டுப் பூனையும் வளர்க்காதீர்கள்.

வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?

வேண்டாம். பூனை மலத்தில் வந்து வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றிய பயம்தானே? அந்தக் கிருமியைப் பூனை பெரும்பாலும் முதல்முறை தொற்றும்போது ஓரிரு வாரம்தான் மலத்தில் வெளியேற்றும். அதுவும் வெளியே வந்து ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் ட்ரேயை வேறு யாராவது சுத்தம் செய்தால் தீர்ந்தது. வெளியே வேட்டையாடாத, பச்சை இறைச்சி தின்னாத பூனையிடம் வர வாய்ப்பு இன்னும் குறைவு. அரைகுறையாக வெந்த கறியும் கழுவாத கீரையும்தான் கவனிக்க வேண்டியவை. ட்ரே வேலையை மகன் பார்க்கட்டும்.

கொண்டுபோய் விடுவதைப் பற்றி: வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது நம் மனசாட்சிக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கதை.

பூனை பிராண்டிவிட்டது, ஊசி போட வேண்டுமா?

வெளியே போகிற பூனை, தெருப் பூனை, ஊசிக் கணக்கு தெரியாத பூனை என்றால் யோசிக்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. உங்கள் சொந்தப் பூனை, ஊசி முறையாகப் போட்டது என்றாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பூனைக் கடி ரேபிஸ் இல்லாமலேயே சீழ் பிடிக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அவர் கார் மேல் கால் தடம், அவர் துளசிமாடத்தில் மூத்திரம் என்றால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. "பூனை அப்படித்தான்" என்று பதில் சொல்லாதீர்கள். விஷம் வைப்பேன் என்று மிரட்டினால் மட்டும் பேச்சு வேறு. விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனைக்குரியது. ஆனால் சட்டம் பேசி ஜெயித்த பிறகும் அதே மதில்தான், அதே பூனைதான். எங்கள் பழைய தெருவில் நான் கருத்தடை செலவை ஏற்றுக்கொண்டு, எதிர் வீட்டு மாமிக்கு ஒரு கார் கவரும் வாங்கிக் கொடுத்தேன். பேச்சு அன்றோடு நின்றது.

பெர்சியன் பூனை?

உள்ளேதான். அந்த அடர்ந்த மயிரோடும் சப்பை மூக்கோடும் நம் வெயிலில் அது தெருவில் ஒரு மதியம் தாங்காது.

கயிறு கட்டி நடக்கக் கூட்டிப் போகலாமா?

கழுத்துப்பட்டையில் கூடாது. மார்பைச் சுற்றிய ஹார்னஸ், இரண்டு விரல் நுழையும் இறுக்கம். ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழக்குங்கள். முதல் தடவை போட்டதும் செத்தது போல் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், பயந்துவிடாதீர்கள். தெருவுக்கு வேண்டாம், மொட்டை மாடி போதும். சில பூனைகளுக்கு இது பிடிக்கும், செல்லி மாடிப்படியிலேயே திரும்பிவிடுவாள்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் வெளியே ஓடிவிட்டது. எங்கே தேடுவது?

பக்கத்தில். 2018-ல் வந்த ஓர் ஆய்வில், பூனையைத் தொலைத்த 1,210 பேரிடம் விசாரித்தார்கள். திரும்பக் கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. உள்ளேயே வளர்ந்த பூனை என்றால் ஊர் சுற்றப் போயிருக்காது, முதலில் கிடைத்த பொந்தில் புகுந்து மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கும். உங்கள் குரலுக்கும் பதில் கொடுக்காது. பதில் வராததால் அங்கே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பகலில் கூட்டமாகப் போய்க் கூப்பிடுவது வீண். ராத்திரி ஒரு மணிக்கு மேல், வண்டிச் சத்தம் அடங்கியதும், ஒருவர் மட்டும் டார்ச்சோடு போங்கள். வெளிச்சத்தைக் கண் மட்டத்தில் பிடித்துக் கார்களின் அடி, மோட்டார் ரூம், மாடிப்படியின் கீழ், ஜெனரேட்டர் பக்கம் என்று மெதுவாகத் துழாவுங்கள். இரண்டு பச்சைப் புள்ளி மின்னும். கண்டதும் ஓடாதீர்கள், அங்கேயே தரையில் உட்கார்ந்து தீனி டப்பாவை மெல்லக் குலுக்குங்கள். செல்லி தொலைந்த மூன்றாம் ராத்திரி, எங்கள் பிளாக்கின் சம்ப் மோட்டாருக்குப் பின்னால் அப்படித்தான் இரண்டு புள்ளி தெரிந்தது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கொசு கடித்துத் தீர்த்தது. வாட்ச்மேன் அண்ணன் தூரத்தில் நின்று, "யாரும்மா அங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவள் அப்போதுதான் முதல் அடி எடுத்து வைத்திருந்தாள்.